அரைப் பவுன் பிளாட்டினமும் அரசுப் பணமும்: எரிபொருள் செல் பற்றி வாசகர் கேள்வி – பதில்

எரிபொருள் செல் தொழில்நுட்பத்துக்கு அரசு என்ன உதவி செய்கிறது, அது யாருக்குக் கிடைக்கிறது, கிடைத்த பிறகு எங்கே இடறுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஹைட்ரஜனுக்காக மத்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறதாமே, அதில் எரிபொருள் செல்லுக்கு எவ்வளவு?
— வாசகர், விருதுநகர்

கொஞ்சம்தான். நீங்கள் சொல்வது தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்தத் தொகை. 2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் 17,490 கோடி 'சைட்' என்ற ஊக்கத்தொகைத் திட்டத்துக்குப் போகிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர்களை இங்கேயே செய்பவர்களுக்கு 4,440 கோடி, ஹைட்ரஜனை உற்பத்தி செய்பவர்களுக்கு 13,050 கோடி.

எரிபொருள் செல் இதற்கு மறுமுனை. ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் எரிக்காமலேயே சேர்த்து, மின்சாரமும் தண்ணீரும் வெப்பமும் தருகிற கருவி. இந்த முனைக்குப் பணம் வரும் வாசல்கள் இரண்டு: முன்னோடித் திட்டங்களுக்கான 1,466 கோடி, ஆராய்ச்சிக்கான 400 கோடி. இரண்டுமே எரிபொருள் செல்லுக்கு மட்டும் உரியவை அல்ல. முன்னோடித் தொகையில் உருக்காலைகளுக்கும் கப்பல்களுக்கும் பங்கு உண்டு. போக்குவரத்துக்கு என்று பிரித்தது 496 கோடி. ஆராய்ச்சித் தொகை ஹைட்ரஜன் தயாரிப்பு, சேமிப்பு, பயன்பாடு எல்லாவற்றுக்கும் பொது.

இன்னொரு திட்டம், 2021 செப்டம்பரில் வந்த வாகனத் துறை உற்பத்தி ஊக்கத் திட்டம். 25,938 கோடி. எரிபொருள் செல் வாகனங்களும் உதிரிபாகங்களும் அதன் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அது விற்பனையைப் பார்த்துப் பணம் தரும் திட்டம். உள்நாட்டு மதிப்புக்கூட்டல் குறைந்தது 50 சதவீதம் இருக்கவேண்டும். விற்க வண்டியே இல்லாதவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

ஹைட்ரஜன் மலிவானால் செல் தானாக வந்துவிடும் என்பது டெல்லியின் கணக்கு. பாதி சரி. மீதிப் பாதி என்ன என்பதை அடுத்தடுத்த கேள்விகளே கேட்டுவிடுகின்றன.

எரிபொருள் செல் விலை உயர்ந்ததற்குப் பிளாட்டினம்தான் காரணமா? 5 கிலோவாட் கருவி ஒன்றில் எவ்வளவு பிளாட்டினம் இருக்கும்?
— வேதியியல் மாணவி, காரைக்குடி

காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பி.இ.எம். வகைச் செல் (புரோட்டானை மட்டும் கடக்க விடும் சவ்வு வைத்தது) ஒன்று சுமை ஏறியதும் தரும் மின்னழுத்தம் 0.65 வோல்ட் அளவில் இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.8 ஆம்பியர் எடுக்கிறோம், செல்லின் பரப்பு 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 120 ஆம்பியர், ஒரு செல்லின் திறன் 78 வாட். 5 கிலோவாட்டுக்கு 64 செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். அந்த அடுக்குக்குத்தான் ஸ்டேக் என்று பெயர்.

வினையூக்கியாக இரு மின்முனைகளுக்கும் சேர்த்துச் சதுர செ.மீ.க்கு 0.4 மில்லிகிராம் பிளாட்டினம் பூசினால், 9,600 சதுர செ.மீ.க்கு 3.84 கிராம் ஆகும். அரைப் பவுனுக்கும் கொஞ்சம் குறைவு. பூசும்போது வீணாவதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆகவே பிளாட்டினம் ஒரு காரணம்தான்; அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. தலைமுடியைவிட மெல்லிய, 15 முதல் 25 மைக்ரான் தடிமனுள்ள சவ்வு, கார்பன் தாள், இருபுறமும் வாய்க்கால் வெட்டிய தகடுகள், ரப்பர் சீல்கள் இவை எல்லாம் 64 செட் வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்தால் விலை இறங்கும். பத்துப் பதினைந்து மட்டும் செய்தால் ஒவ்வொன்றும் கைவேலைதான்.

இதே ஸ்டேக் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட 290 கிராம் ஹைட்ரஜன் குடிக்கும். வெளியே விடும் தண்ணீர் இரண்டரை லிட்டருக்கு மேல். ஆய்வகங்களில் வழக்கமாக நிற்கும் 47 லிட்டர் சிலிண்டரில், 150 பார் அழுத்தத்தில், 7 கன மீட்டர் வாயு இருக்கும். எடை 600 கிராம் சொச்சம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சிலிண்டர் காலி! ஒரு ஸ்டேக்கின் ஆயுளைச் சோதிக்க ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டவேண்டும். ஹைட்ரஜன் பில்லை நினைத்துப் பாருங்கள். ஆராய்ச்சித் திட்டங்களில் கருவிக்குப் பணம் கேட்பவர்கள் பலர் அதை ஓட்டுவதற்கான பணத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்கான இடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி. சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில், ஏ.ஆர்.சி.ஐ. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் எரிபொருள் செல் மையம் இயங்குகிறது. மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் 'நிமிட்லி' திட்டத்தில் அதன் ஆய்வகங்களான புனே என்.சி.எல்., டெல்லி என்.பி.எல்., சிக்ரி மூன்றும் தெர்மாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 5 கிலோவாட் உயர்வெப்ப எரிபொருள் செல்லை 2019 செப்டம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வெளியிட்டார். உயர்வெப்பச் செல்லுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 160 டிகிரி அளவில் ஓடுவதால் ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் கலந்திருந்தாலும் தாங்கும். சாதாரண பி.இ.எம். செல் தாங்காது.

கோவையில் பம்ப், மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். எரிபொருள் செல் துறையில் இறங்க அரசு உதவி பெறுவது எப்படி? எங்கே தொடங்குவது?
— பட்டறை உரிமையாளர், பீளமேடு

முழு ஸ்டேக் செய்யக் கிளம்பாதீர்கள். சவ்வும் வினையூக்கியும் வேதியியல்காரர்களின் வேலை. ஸ்டேக்கைச் சுற்றி நிற்கும் துணைக்கருவிகள்தான் உங்களுக்குத் தோதானவை: குளிர்விப்புப் பம்ப், ஹைட்ரஜனைத் திருப்பி அனுப்பும் புளோயர், எண்ணெய் படாத காற்றுக் கம்ப்ரசர், ஈரப்பதமூட்டி, இறுக்கிப் பிடிக்கும் முனைத்தகடுகள். நாம் மேலே போட்ட 5 கிலோவாட் கணக்குக்கே நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஸ்டேக் தரும் மின்சாரத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தை இந்தத் துணைக்கருவிகளே தின்றுவிடும். அதில் ஒரு சதவீதத்தை மிச்சப்படுத்திக் காட்டினாலும் உங்களைத் தேடி வருவார்கள்.

பம்ப்தானே, நாளைக்கே செய்து தருகிறோம் என்று இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இந்தக் குளிர்விப்பு நீர் மின்சாரம் ஓடும் தகடுகளுக்கு நடுவே போகிறது. அதன் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்கவேண்டும். பித்தளை இம்பெல்லர், வெண்கலப் புஷ், செம்புக் குழாய் எதுவும் ஆகாது. கரைந்து வரும் செம்பு அயனி கடத்துத்திறனையும் ஏற்றும், கசிந்து சவ்வுக்குள் போனால் அதையும் கெடுக்கும். 316 எல் ரக எஃகு அல்லது தகுந்த பிளாஸ்டிக், இ.பி.டி.எம். ரப்பர் சீல் என்று போங்கள். மலிவான சிலிகான் சீல் அமிலத்தன்மையிலும் சூட்டிலும் நாளடைவில் உதிர்ந்துவிடும். தகடு செய்ய ஆசைப்பட்டால் உலக அளவில் கேட்கும் அளவுகள் இவை: அரிமான மின்னோட்டம் சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே, தொடுமின்தடை 0.01 ஓம் சதுர செ.மீ.க்குக் கீழே. 0.1 மி.மீ. எஃகுத் தகட்டில் வாய்க்காலை அச்சடித்துவிடலாம். மேலே போடும் பூச்சில்தான் சூட்சுமம்.

பணத்துக்கு வருவோம். முதல் இடறல் உங்கள் பட்டறையின் சட்ட வடிவம். தனிநபர் உரிமை நிறுவனத்துக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்-அப் அங்கீகாரம் கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பதிவுசெய்த கூட்டு நிறுவனம் போன்ற வடிவில் இருக்கவேண்டும். சரி, பழைய பட்டறையைப் பிரித்துப் புதுக் கம்பெனி ஆக்கிவிடலாம் என்று சிலருக்கு ஆலோசனை கிடைக்கும். இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவான கம்பெனி செல்லாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆடிட்டரைக் கேட்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

அங்கீகாரம் கிடைத்த புதுக் கம்பெனி என்றால் படிப்படியாகப் போகலாம். மாதிரி செய்ய 'நிதி–பிரயாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 10 லட்சம் வரை. கம்பெனி தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் இருந்தால் ஸ்டார்ட்-அப் இந்தியா விதை நிதியில், கருத்தை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாற்றத்தக்க பத்திரமாகவோ. இரண்டும் அங்கீகாரம் பெற்ற இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) வழியாகத்தான் வரும். ஹைட்ரஜன் ஸ்டார்ட்-அப்களின் முன்னோடித் திட்டங்களுக்கென்று 100 கோடியில் ஓர் அழைப்பை 2025 செப்டம்பரில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் வெளியிட்டது. ஒரு திட்டத்துக்கு 5 கோடி வரை. இப்படிப்பட்ட அழைப்புகள் வருவதும் தெரியாது, முடிவதும் தெரியாது. அமைச்சகத்தின் தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பழைய கம்பெனி என்றால் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், டி.டி.பி. திட்டச் செலவில் பாதி வரை, 5 சதவீதத் தனிவட்டியில் கடன் தருகிறது. ஆய்வக வேலை முடிந்து தயாரிப்புக்குப் போகும் கட்டத்துக்கான பணம் அது. 2025 ஜூலை 1 அன்று அமைச்சரவை ஒப்புக்கொண்ட 1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியும் அப்படியே: தொழில்நுட்பத் தயார்நிலை 4-ஆம் படியிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, நிதி மேலாளர்கள் வழியாக. 4-ஆம் படி என்றால் ஆய்வகத்தில் வேலை செய்து காட்டியாகிவிட்டது என்று பொருள்.

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் மூன்று இடத்தில். உங்கள் பம்பை யார் சோதிக்கப் போகிறார்கள் என்பது முதலாவது. சிக்ரியிடமிருந்தோ ஏ.ஆர்.சி.ஐ.யிடமிருந்தோ சோதனைக்கு ஒப்புக்கொண்ட கடிதம் இணைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, மைல்கற்களை எண்ணில் எழுதுவது. 'தரமான பம்ப் உருவாக்கப்படும்' என்று எழுதாதீர்கள். 'நிமிடத்துக்கு 20 லிட்டர், 1 பார், 1,000 மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகும் நீரின் கடத்துத்திறன் 5-க்குள்' என்று எழுதுங்கள். மூன்றாவது செலவுப் பட்டியல். சோதனைக் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி., ஹைட்ரஜன், இறக்குமதிக்கு ஆகும் மாதங்கள், எல்லாவற்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

பணம் கிடைத்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. முதல் தவணையைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் இரண்டாம் தவணை. மானியத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், அதற்கு வந்த வட்டியும் அரசுக்கே சொந்தம். சான்றிதழ் போய்ப் பணம் வருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் சம்பளம் கொடுக்கக் கையில் ஆறு மாதப் பணம் இல்லாமல் இறங்குவது ஆபத்து. நல்ல வேலைக்காரர்கள் அப்போதுதான் விட்டுப் போவார்கள்.

எங்கள் பாலிடெக்னிக்கில் அரசு நிதியில் வாங்கிய 1 கிலோவாட் எரிபொருள் செல் பயிற்சிக் கருவி, ஆறு மாதத்தில் பாதித் திறனுக்கு வந்துவிட்டது. கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது என்கிறது. என்ன செய்யலாம்?
— விரிவுரையாளர், திருச்சி

உங்கள் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: 'தேர்வு விடுமுறையில் மூன்று மாதம் ஓட்டவில்லை.' சந்தேகம் அங்கிருந்தே தொடங்குகிறது. இந்த அளவுக் கருவிகள் பெரும்பாலும் காற்றால் குளிர்பவை. பின்னால் சுழலும் விசிறியே ஆக்சிஜனையும் தருகிறது, சூட்டையும் தணிக்கிறது. காற்றுப் பக்கம் திறந்தே இருப்பதால் சும்மா வைத்தால் சவ்வு காய்ந்துபோகும். காய்ந்த சவ்வில் புரோட்டான் ஓடாது.

முதலில் கசிவு பாருங்கள். ஹைட்ரஜன் பக்கம் நைட்ரஜனை 0.5 பார் ஏற்றி, வால்வை மூடிப் பத்து நிமிடம் அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் தெளிவாக இறங்கினால் மேற்கொண்டு ஹைட்ரஜன் ஏற்றாதீர்கள். சோப்பு நீர் போட்டு இணைப்புகளைப் பாருங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் கசிவு ஸ்டேக்குக்கு உள்ளே, கம்பெனிக்குத்தான் போகவேண்டும்.

கசிவு இல்லையென்றால் குறைந்த சுமையில் ஓட்டி, மல்டிமீட்டரால் செல் செல்லாக அளந்து எழுதுங்கள். சுமையில்லாமல் ஒவ்வொன்றும் 0.9 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். சுமையில்லாமலேயே ஒரே ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் சவ்வில் ஊசித்துளை விழுந்திருக்கிறது. சுமையில் வெளிவாய்ப் பக்கத்துச் செல்கள் மட்டும் விழுந்து, பர்ஜ் வால்வு திறந்து மூடியதும் எழுந்தால் தண்ணீர் தேங்குகிறது. காற்றிலிருந்து சவ்வு வழியாகக் கசிந்து வரும் நைட்ரஜனும் தண்ணீரும் ஹைட்ரஜன் பக்கத்தின் முட்டுச்சந்தில் சேரும், அவற்றை வெளியே தள்ளத்தான் அந்த வால்வு. அதன் சோலனாய்டு 'டிக்' என்று அடிக்கிறதா, வாயில் அடைப்பு இருக்கிறதா பாருங்கள். எல்லாச் செல்களும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால், காய்ந்திருக்கிறது அல்லது விஷமேறியிருக்கிறது. காய்ந்தது என்றால் குறைந்த சுமையில் பல மணி நேரம் பொறுமையாக ஓட்ட ஓட்டத் தேறி வரும். எந்தச் செல்லும் 0.3 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். ஹைட்ரஜன் போதாமல் ஒரு செல்லின் மின்னழுத்தம் தலைகீழானால் கார்பனே கரையத் தொடங்கும், பிறகு மீட்பு இல்லை.

விஷமேறியது என்றால் ஹைட்ரஜனைச் சந்தேகப்படுங்கள். எரிபொருள் செல் வாகனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14687 தரம் 99.97 சதவீதத் தூய்மையோடு நிற்பதில்லை. கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேலும், கந்தகம் 0.004 பங்குக்கு மேலும் கூடாது என்கிறது. வெல்டிங் கடையில் வாங்கிய சிலிண்டருக்கு இந்தச் சான்று இருக்காது. மோனாக்சைடு ஏறியிருந்தால் சுத்தமான ஹைட்ரஜனில் ஓட்ட ஓட்ட இறங்கும். கந்தகம் ஏறினால் அநேகமாக அவ்வளவுதான். ஆய்வகத்துக்குப் பக்கத்தில் பெயின்ட், தின்னர், ஜெனரேட்டர் புகை இருக்கிறதா என்றும் பாருங்கள். விசிறி அதையும் உள்ளே இழுக்கும்.

இனி விடுமுறை விடும்போது காற்றுப் பக்கத்தை மூடி, துளைகளுக்குத் தொப்பி போட்டு வையுங்கள். மாதம் இருமுறை அரை மணி ஓட்டுங்கள். சிலிண்டர் வெளியே, கூரை உச்சியில் ஹைட்ரஜன் உணரி, காற்றில் 1 சதவீதத்தில் அலாரம். 4 சதவீதம் வந்துவிட்டால் தீப்பிடிக்கும். ரெகுலேட்டர் மரை இடப்பக்கம் திரும்பும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கும். ஸ்பேனரோடு மல்லுக்கட்டி மரையைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்த முறை நிதி கேட்கும்போது கருவியின் விலையோடு மூன்றாண்டு ஹைட்ரஜன், உதிரிச் செல்கள், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். கொடுப்பவர்கள் இதற்கு மறுப்பதைவிட, கேட்பவர்கள் கேட்காமல் விடுவதுதான் அதிகம்.

2020-க்குள் 10 லட்சம் ஹைட்ரஜன் வாகனங்கள் என்று முன்பு ஒரு திட்டம் இருந்ததே, என்ன ஆயிற்று?
— ஓய்வுபெற்ற பொறியாளர், தூத்துக்குடி

நல்ல ஞாபகம். 2006-இல் வந்த தேசிய ஹைட்ரஜன் எரிசக்தி வரைபடம். 2020-க்குள் 10 லட்சம் வாகனங்கள், அதில் முக்கால்வாசி இரு, மூன்று சக்கர வண்டிகள். கூடவே 1,000 மெகாவாட் மின்உற்பத்தி. எதுவும் நடக்கவில்லை. ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. சென்னையிலேயே ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளை அதற்கும் முன்பே அரசு நிதியில் பி.இ.எம். ஸ்டேக்குகள் செய்து, எரிபொருள் செல்லும் பேட்டரியும் சேர்ந்த வேன் ஒன்றையும் ஓட்டிக் காட்டியது. பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனம் 50 கிலோவாட் பாஸ்பாரிக் அமில வகையைச் செய்தது. செய்து காட்டியதை அடுத்து யார் வாங்குவது, அதற்கு யார் ஹைட்ரஜன் தருவது என்ற கேள்விக்குத்தான் வரைபடத்தில் பதில் இல்லை. அதற்குள் லித்தியம் பேட்டரி மலிந்து இரு சக்கர, மூன்று சக்கரச் சந்தையை எடுத்துக்கொண்டது.

வாங்குபவர் இருந்த இடங்களைப் பாருங்கள். நீர்மூழ்கிக் கப்பல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மேலே வராமல் நீண்ட நாள் நீருக்கடியில் இருக்க, பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் அம்பர்நாத் ஆய்வகம் பாஸ்பாரிக் அமில எரிபொருள் செல் அமைப்பை உருவாக்கி, 2021 மார்ச் 8 அன்று தரையில் முழு அளவில் ஓட்டி நிரூபித்தது. 2024 டிசம்பரில் அதைக் கப்பலில் பொருத்தும் வேலைக்கு மசகான் கப்பல் கட்டும் தளத்தோடு 1,990 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. இஸ்ரோ 2024 ஜனவரி 1 அன்று அனுப்பிய பி.எஸ்.எல்.வி. சி–58-இன் நான்காம் அடுக்கில் 100 வாட் வகைச் செல் ஒன்றை ஏற்றி விண்வெளியில் 180 வாட் எடுத்தது. அமெரிக்காவிலும் கதை இப்படியே தொடங்கியது. 1965-இல் ஜெமினி விண்கலத்தில் ஓடியதற்கு நாசா என்ற ஒரே வாடிக்கையாளர்தான் காரணம். மானியத்தைவிட ஆர்டர் பெரிது என்பது எங்கள் அபிப்பிராயம். கொடுத்த மானியத்துக்கு அறிக்கை வந்தால் போதும். ஆர்டர் கொடுத்துவிட்டால் பொருள் வேலை செய்தாக வேண்டும்.

உங்கள் ஊர் தொடர்பாகவும் ஒன்று உண்டு. கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த 50 பேர் பயணிக்கும் எரிபொருள் செல் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியிலிருந்துதான் தொடங்கிவைத்தார். படகு ஓடுவது வாரணாசியில்.

பெரம்பூரில் செய்த ஹைட்ரஜன் ரயிலுக்கு இவ்வளவு செலவு தேவையா?
— வாசகர், அயனாவரம்

2025 ஜூலையில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் சோதித்த பெட்டி, ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் தடத்துக்கானது. முன்னோடி ரயிலுக்கும் தரைக் கட்டமைப்புக்கும் 111.83 கோடி. பிறகு 35 ரயில்கள், ஒவ்வொன்றுக்கும் 80 கோடி என்பது 2023-இல் சொன்ன மதிப்பீடு. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்து அழுத்த 57 யூனிட் மின்சாரம் போகிறது என்றால், எரிபொருள் செல் திருப்பித் தருவது 15 யூனிட். நூறு போட்டால் இருபத்தாறு. மேலே மின்கம்பி இருக்கும் தடத்தில் இதற்கு வேலையே இல்லை. கம்பி இழுக்க முடியாத மலைப்பாதைகளிலும் பாரம்பரியத் தடங்களிலும் டீசலுக்குப் பதில் என்றால் நியாயம் இருக்கிறது. முன்னோடித் தொகையை ரயில்வே கற்றுக்கொள்ளும் செலவாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்த 35 ரயில்களுக்கு முதல் ரயிலின் கணக்கைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுவது நல்லது.

ஜப்பானில் வீட்டுக்கு வீடு எரிபொருள் செல் இருக்கிறதாமே! நம் வீடுகளுக்கு அரசு தராதா?
— இல்லத்தரசி, மதுரை

'எனெ–ஃபார்ம்' பற்றிச் சொல்கிறீர்கள். 2009-இல் விற்பனைக்கு வந்தது, 700 வாட் அளவு. வீட்டுக்குழாயில் வரும் எரிவாயுவிலிருந்து தானே ஹைட்ரஜன் பிரித்து மின்சாரம் எடுக்கும், வரும் சூட்டில் வெந்நீர்த் தொட்டி நிரம்பும். தொடக்கத்தில் விலை 30 லட்சம் யென்னுக்கு மேல். அரசு 14 லட்சம் யென் வரை கொடுத்தது. கொடுத்ததைவிட, ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்ததைத்தான் மெச்சவேண்டும். இவ்வளவுதான் இனி என்று முன்கூட்டியே தெரிந்ததால் கம்பெனிகளும் விலையை இறக்கிப் பத்து ஆண்டில் 10 லட்சம் யென் அருகே கொண்டுவந்தன.

நமக்கு ஒத்துவராததற்குக் காரணம் வெந்நீர். அந்தக் கருவியின் லாபத்தில் பெரிய பங்கு தொட்டி நிறையக் குளிக்கும் ஜப்பானியக் குளிர்காலத்தில் இருக்கிறது. மதுரைச் சித்திரையில் அந்த வெந்நீரை எங்கே கொட்டுவீர்கள்? மொட்டைமாடியில் சோலார் தகடு போடுங்கள், அதற்கு மானியமும் இருக்கிறது.

எரிபொருள் செல் கார் வாங்க மானியம் உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

தனிநபர் வாங்கும் காருக்கென்று மத்திய அரசின் தனி மானியம் இல்லை. ஜி.எஸ்.டி. மட்டும் 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 2025 மார்ச்சில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் ஐந்து முன்னோடித் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது: 10 வழித்தடங்கள், 37 பேருந்து–லாரிகள், 9 நிரப்பு நிலையங்கள், 208 கோடி உதவி. அந்த 37-இல் எரிபொருள் செல் வண்டி 15 மட்டுமே. மற்ற 22 ஹைட்ரஜனை எஞ்சினில் எரிப்பவை. சென்னையின் அசோக் லேலண்ட் இதில் பங்கேற்கிறது, ஆனால் தமிழ்நாட்டுத் தடம் ஒன்றுகூட இல்லை. உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம்–கொச்சி. அங்கே வண்டி ஓடும்போது பார்க்கக் கிடைத்தால், நிரப்ப எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை நாள் நிலையம் மூடிக்கிடக்கிறது என்று குறித்து அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறோம்.